அந்த ஒரு வார்த்தை அவள் காதில் விழ வேண்டாம்

அன்புள்ள தம்பி,

மருமகளுக்கு 36 வாரம் முடிந்துவிட்டது என்று நேற்று நீ போனில் சொன்னதிலிருந்து என் நினைப்பெல்லாம் ஆஸ்திரேலியாவில், பெர்த்தில்தான் இருக்கிறது. உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். போனில் சொல்ல வராது, பக்கத்தில் அவள் இருப்பாள், இந்தப் பக்கம் அப்பா இருப்பார். அதனால் எழுதுகிறேன். முதலில் நீ மட்டும் படி.

நீ பிறந்த அன்று, 1996-இல், விடியற்காலை மூன்று மணிக்குப் பனிக்குடம் உடைந்தது. அப்போது இங்கே சிங்கப்பூரில், அங் மோ கியோவில் ஏழாவது மாடி வீடு. அந்தக் காலத்து புளோக்குகளில் லிப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. எங்கள் புளோக்கில் 1, 5, 9 மட்டும்தான். இரண்டு மாடி படியிறங்கித்தான் லிப்டைப் பிடிக்க வேண்டும். ஆறாவது மாடித் திருப்பத்தில் வலி வந்து பிடித்துக்கொண்டது. இடுப்பில் தொடங்கி முன்பக்கமாகச் சுற்றி இறுக்குகிற வலி. ஒரு சீனர் வீட்டு வாசலில் சாமி விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அந்த விளக்கையே பார்த்து மூச்சு விட்டேன். அப்பா ஒரு கையில் பை, ஒரு கையில் என் செருப்போடு இரண்டு படி கீழே நின்று, "சீக்கிரம் வாம்மா, டாக்சி நிக்குது" என்றார். பாவம், அவருக்கும் நடுக்கம். ஆனால் அந்த நேரத்தில் "சீக்கிரம்" என்ற சொல் எனக்கு எப்படி இருந்தது என்று அவருக்கு இன்றைக்கும் தெரியாது. வலி வருகிறபோது நீ பேசாதே, எதுவும் கேட்காதே. அது போகும்வரை கூடவே நில், போன பிறகு பேசு.

ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தால், "மூணு சென்டிமீட்டர்தான் திறந்திருக்கு" என்றார் மிஸ்ஸி, நர்ஸைத்தான் சொல்கிறேன். கர்ப்பப்பை வாய் 10 வரை திறக்க வேண்டும். முதல் பிரசவம் மெதுவாகத்தான் போகும், நான் அங்கே கிடந்தது காலையிலிருந்து இரவு ஒன்பது வரை. முகமூடி வைத்து வாயு கொடுத்தார்கள், தலை சுற்றியதே தவிர வலி குறையவில்லை. குறைத்தது அப்பாவின் கைதான். அந்த மிஸ்ஸி அவர் கையைப் பிடித்து என் இடுப்புக்குக் கீழே வைத்து, உள்ளங்கையால் அழுத்தச் சொல்லிக் காட்டினார். அதன் பிறகு ஒவ்வொரு வலிக்கும் அப்பா அழுத்தினார். கை மரத்துப்போயும் விடவில்லை. நீயும் அதைக் கற்றுக்கொள். வலி தெரியாமல் இருக்க முதுகில் ஊசி போட்டுக்கொள்வதா வேண்டாமா என்பதை மருமகள்தான் சொல்ல வேண்டும். "நாங்கள்லாம் ஊசி இல்லாமலா பெத்துக்கலை" என்று நம் வீட்டிலிருந்து யார் போன் செய்தாலும் போனை அவளிடம் கொடுக்காதே.

உன்னை என் மார்பில் போட்டார்கள். ஈரமாக, சூடாக இருந்தாய், ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாய். ஐந்து நிமிடம்கூட இருக்காது, எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். தையல் முடிந்து நான் கேட்டபோது, "பாட்டில் கொடுத்தாச்சு, தூங்குறான், நீங்களும் தூங்குங்க" என்றார்கள். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று இரவு என் கை வெறுமையாக இருந்ததை நான் மறக்கவில்லை. இப்போது தாயும் பிள்ளையும் நலமாக இருந்தால் பிறந்த உடனே மார்போடு மார்பாகப் போட்டு, முதல் ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுக்க வைக்கிறார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் போட்டோ, வீடியோ கால் எதுவும் வேண்டாம். எனக்குக்கூட அப்புறம் சொன்னால் போதும்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது.

நீ பிறந்த மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தோம். அப்பாயி எனக்குப் பத்தியம் சமைத்துப் போட்டதில் ஒரு குறையும் இல்லை. தேக்கா மார்க்கெட்டுக்குப் போய்ப் பால்சுறா வாங்கி வந்து புட்டு வைப்பார், பூண்டை உரித்து உரித்து அவர் விரல் தோலே உரிந்துபோனது. ஆனால் நீ அழும்போதெல்லாம் அடுப்படியிலிருந்து, "பிள்ளைக்குப் பால் பத்தலை, பசியில கத்துது" என்பார். பார்க்க வந்தவர்களும் நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்கவில்லை. "பால் இருக்கா?" என்றுதான் கேட்டார்கள். எனக்கோ காம்பு வெடித்து இரத்தம். நீ வாய் வைக்கும்போது பல்லைக் கடித்துக்கொள்வேன். முதல் இரண்டு மூன்று நாளுக்குச் சீம்பால் மட்டும்தான் வரும், அதுவும் ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டி அளவுதான், பச்சைப் பிள்ளையின் வயிற்றுக்கு அதுவே போதும் என்று எனக்கு அன்று யாரும் சொல்லவில்லை. அப்பாயிக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் காலத்தில் சீம்பாலைப் பீய்ச்சிக் கீழே விட்டுவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்தார்கள்.

நாலாம் நாள் மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டது. நானும் காரணம் தெரியாமல் அழுதுகொண்டே இருந்தேன். ஐந்தாம் நாள் உன் கண் மஞ்சளாகத் தெரிந்தது. "காலை வெயில்ல காட்டினா சரியாயிடும்" என்றார்கள். பாலிகிளினிக்கில் குதிகாலில் குத்தி இரத்தம் எடுத்துப் பார்த்து, அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். கண்ணைக் கட்டி நீல விளக்குக்குக் கீழே இரண்டு இரவு படுத்திருந்தாய். பால் சரியாக இறங்காவிட்டால் மலம் போகாது, மலம் போகாவிட்டால் மஞ்சளும் சீக்கிரம் வெளியேறாது. எல்லாம் என்னால்தான் என்று நினைத்தேன்.

அந்த நேரமெல்லாம் அப்பா வாய் திறக்கவில்லை. அம்மாவை எதிர்த்துப் பேசிப் பழக்கம் இல்லாதவர். கதவோரம் நிற்பார், பிறகு கடைக்குப் போய்விடுவார். நான் அவரிடம் கேட்டது சண்டை இல்லை, தம்பி. "அவ பார்த்துக்குவா, விடுங்கம்மா" என்று ஒரு தடவை. அவ்வளவுதான்.

ஒன்பதாம் நாள், நாலாவது மாடி மலாய்க்கார ஆண்ட்டி, மக்சிக் என்போமே, அவர் எனக்கு உடம்பு பிடித்துவிட வந்தார். எண்ணெய்க் கிண்ணத்தைத் திறக்கும்போதே நீ அழ ஆரம்பித்தாய், நானும் அழுதேன். அவர் கிண்ணத்தை மூடி வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். முதுகுக்குத் தலையணை வைத்தார். உன்னைத் திருப்பி, உன் வயிறு என் வயிற்றில் படும்படி அணைத்தார். உன் மூக்குக்கு நேரே காம்பு. உன் மேலுதட்டில் அதை லேசாகத் தொட்டுத் தொட்டு எடுத்தார். நான் அவசரப்பட்டேன். "பெலான், பெலான்" என்றார். மெதுவாக, மெதுவாக. நீ கொட்டாவி விடுவதுபோல் வாயை அகலத் திறந்தாய். அந்த நொடியில் உன் முதுகில் கை வைத்து உன்னை என்னிடம் சேர்த்தார். காம்பு மட்டும் இல்லை, கறுப்பு வட்டத்திலும் பாதிக்கு மேல் உன் வாய்க்குள். தாடை மார்பில் புதைந்தது. முதலில் சுரீர் என்றது, பிறகு வலியே இல்லை. உன் காதோரம் அசைந்தது. நீ விழுங்குகிற சத்தத்தை அன்றைக்குத்தான் நான் முதன்முதலாகக் கேட்டேன். மக்சிக் காதை வைத்துக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "சூசு அடா," என்றார். பால் இருக்கு. ஒன்பது நாளில் என்னிடம் அதைச் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

அதனால்தான் கேட்கிறேன். "பால் பத்தலை" என்ற வார்த்தை மருமகள் காதில் விழ வேண்டாம். பிள்ளை அழுவதை வைத்துக் கணக்குப் போடாதே, பச்சைப் பிள்ளை எதற்கும் அழும். ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை குடிக்கிறதா, ஐந்தாம் நாளிலிருந்து ஆறு தடவைக்குக் குறையாமல் நாப்கின் நனைகிறதா, கறுப்பு மலம் மாறி மஞ்சளாகப் போகிறதா என்று பார். அதை எழுதி வைப்பது உன் வேலையாக இருக்கட்டும். முதல் சில நாள் எடை கொஞ்சம் குறையும், இரண்டு வாரத்துக்குள் ஏறிவிட வேண்டும். மஞ்சள் தெரிந்தாலோ, எழுப்பினாலும் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தாலோ வெயிலை நம்பாதே, உடனே தூக்கிக்கொண்டு போ. டாக்டர் மாவுப்பால் கொடுக்கச் சொன்னால் கொடுங்கள், அதில் ஒரு வெட்கமும் இல்லை. எட்டு வார லீவு முடிந்து வேலைக்குத் திரும்பியபோது நானும் கொடுத்தேன், யாருக்கும் தெரியாமல் பாட்டிலை ஒளித்து வைத்துக் கொடுத்தேன். அவள் எதையும் ஒளிக்க வேண்டாம். முதல் வாரத்தில் அவள் அழுதால் அழட்டும், கூட இரு. இரண்டு வாரம் தாண்டியும் அப்படியே இருந்தால் டாக்டரிடம் நீயே கூட்டிக்கொண்டு போ.

இங்கே இப்போது அப்பாமாருக்கே 4 வாரம் லீவு, 2025 ஏப்ரலில் இருந்து. அங்கே உனக்கு எத்தனை நாள் கிடைக்குமோ, அத்தனையும் எடு.

நான் வந்த பிறகு என் வாயிலும் அந்த வார்த்தை வரலாம். முப்பது வருடம் ஆனாலும் மாமியார் வாய் மாமியார் வாய்தான். வந்தால், "அம்மா, வேண்டாம்" என்று அவள் முன்னாலேயே சொல். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

பழைய பருத்திப் புடவை நாலு துவைத்துக் கிழித்து, ஓரம் தைத்து வைத்திருக்கிறேன். சாப்பாட்டுச் சாமான் எதுவும் கொண்டு வரவில்லை, உங்கள் ஊர் ஏர்போர்ட்டில் எல்லாவற்றையும் எழுதிக் காட்ட வேண்டும் என்கிறார்கள். பூண்டு நீயே வாங்கி வை. ஒரு கிலோ, சின்னப் பல்லாகப் பார்த்து.

அன்புடன்,
அம்மா