தண்ணீர் குறைந்தால் டிரைவர் தலையிலா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன மாத இதழின் கேள்வி பதில் பக்கத்தில், இன்ஜின் வேலை முடிந்து வந்த லாரியில் இன்ஜினைக் குளிர வைக்கும் கூலண்ட் குறைந்துகொண்டே இருக்கிறது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். "பெரும்பாலும் டிரைவரின் கவனக்குறைவே காரணம், தினமும் தண்ணீர் பார்க்கச் சொல்லுங்கள்" என்று ஒன்றரை வரியில் முடித்துவிட்டீர்கள். ரொம்ப நன்றி. 23 வருடமாக ஸ்டியரிங் பிடிக்கிறேன், சங்ககிரியில் சொந்தமாக ஒரே ஒரு வண்டி, ஓனரும் நான்தான் டிரைவரும் நான்தான். காலையில் ஆயிலும் தண்ணீரும் பார்க்காமல் நான் சாவி போட்டதே கிடையாது. அப்படிப் பார்த்ததால்தான் எனக்குத் தொல்லையே ஆரம்பித்தது.

போன வருடம் பிஸ்டன், அது ஏறி இறங்கும் குழாயான லைனர், இன்ஜின் தலைக்கு அடியில் வைக்கும் ஹெட் கேஸ்கெட் தகடு எல்லாம் மாற்றி முழு வேலை. பட்டறை பெயர் வேண்டாம், ஊரே அறியும். வண்டியை எடுத்த மூன்றாவது நாள் ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கை உருவினால் ஆயில் கோட்டுக்கு மேலே ஏறி நிற்கிறது. ஓடுகிற வண்டியில் ஆயில் குறையும், ஏறுமா? போன் போட்டுச் சொன்னேன். "அண்ணே, நீங்க அதிகமா ஊத்திட்டீங்க" என்றார்கள். ஒரு சொட்டு ஊற்றவில்லை. சரி என்று சிமெண்ட் லோடு ஏற்றிக்கொண்டு கிருஷ்ணகிரி கிளம்பினேன். தொப்பூர் ஏற்றத்தில் ஹீட் முள் சிவப்புக்குப் போய்விட்டது. ஓரம்கட்டி, ஒன்றரை மணி நேரம் ஆறவிட்டு, சாக்கை மடித்து வைத்து ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் உள்ளே தண்ணீரே தெரியவில்லை. கீழே ரோட்டில் ஒரு சொட்டு ஈரமும் இல்லை.

திரும்பி வந்ததும் பட்டறையில் முதல் பேச்சே உங்கள் பதில்தான், வார்த்தை மாறாமல்: "டிரைவர் பார்க்கலை." அப்புறம் ஹோஸ் மாற்றினார்கள், கிளிப் மாற்றினார்கள், ரேடியேட்டரைக் கழற்றி அடைப்பு எடுக்க ராடு அடிக்க அனுப்பினார்கள். வாட்டர் பம்பின் கழுத்துக்கு அடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்குமே, சீல் போனால் சொட்டி நமக்குச் சேதி சொல்வதற்காகவே கம்பெனிக்காரன் வைத்த ஓட்டை, அதை ஒரு புண்ணியவான் எம்-சீல் வைத்து அடைத்தே விட்டார். ஒவ்வொரு தடவையும் பில். ஊற்றியது என்ன தெரியுமா, போர் தண்ணீர். எங்கள் ஊர் போர் தண்ணீரில் பருப்பே வேகாது, அதை இன்ஜினுக்குள் விட்டால் உப்புப் படியாமல் என்ன செய்யும்? கூலண்டுக்கு மட்டும் பில்லில் தனி வரி.

கடைசியில் எங்கள் ஊர் பழைய மேஸ்திரி ஒருவர்தான் பார்த்தார். வண்டியை ராத்திரி முழுக்க நிறுத்தச் சொன்னார். காலையில் குளிர்ந்த இன்ஜினில், ரேடியேட்டர் மூடி இருக்கும் இடத்தில் கைப்பம்பை மாட்டி, மூடியில் போட்டிருக்கும் அழுத்த அளவுக்குமேல் போகாமல் காற்று ஏற்றினார். வண்டி ஓடும்போது பார்த்தால் ஃபேன் காற்று சொட்டை எங்கெங்கோ அடித்துவிடும், நனைந்த இடம் ஒன்று ஒழுகும் இடம் வேறு, அதனால் இப்படித்தான் பார்க்க வேண்டும் என்றார். அடியில் விரித்த அட்டை காய்ந்தே கிடக்கிறது, பம்பின் கேஜ் முள் மட்டும் இறங்குகிறது, அப்படியென்றால் ஒழுகல் வெளியே இல்லை, உள்ளே. ஹெட் கேஸ்கெட் போயிருந்தால் ஸ்டார்ட் பண்ணிய கொஞ்ச நேரத்திலேயே ஹோஸ் கல்லு மாதிரி ஆகும், ரேடியேட்டரில் குமிழி வரும். அது இரண்டும் இல்லை. பேசாமல் அடியில் படுத்து, இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான சம்ப்பின் போல்ட்டை மெதுவாக இளக்கினார். முதலில் ஒரு டம்ளர் அளவுக்குப் வெறும் தண்ணீர், அதற்கப்புறம்தான் ஆயில், அதுவும் பால் ஊற்றிய காபி நிறத்தில். தண்ணீர் கனம், நின்ற வண்டியில் அடியில் போய் உட்காரும். சம்பை இறக்கிவிட்டு மறுபடி காற்று ஏற்றினால் நாலாவது லைனரின் கீழ் விளிம்பிலிருந்து சொட், சொட். லைனரைச் சுற்றி நிற்கும் தண்ணீர் கீழே ஆயிலுக்குள் இறங்காமல் தடுக்கும் வளையம்தான் ஓ-ரிங், லைனரை இறக்கும்போது அது முறுக்கி அறுந்திருக்கிறது. முந்நூறு ரூபாய்கூடப் பெறாத ரப்பர். அதற்குள் தண்ணீர் கலந்த ஆயிலில் ஓடி பேரிங் எல்லாம் தேய்ந்து, 2 மாதத் தவணை நின்று போனது. இதில் டிரைவரின் கவனக்குறைவு எங்கே இருக்கிறது என்று அந்தப் பதில் எழுதியவரையே கேட்டுச் சொல்லுங்கள்.

இது ஒரு தடவை என்றால் விட்டுவிடுவேன். இரண்டு வருடத்துக்கு முன் ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போட்டால் ஒழுகல் நிற்கும் என்று ஒரு குறிப்பு போட்டீர்கள். போட்டுப் பார்த்தேன், நின்றது, ரேடியேட்டரில் பாதி டியூபும் சேர்ந்து அடைத்துக்கொண்டது. மிளகாய்த் தூளும் சேர்த்திருந்தால் குழம்பாவது மிஞ்சியிருக்கும். அதைப் பற்றி அப்போதே எழுதினேன், நாலு பக்கம், நீங்கள் போட்டது மூன்று வரி, அதுவும் பாராட்டி எழுதியிருந்த மூன்று வரி! நூறு வண்டி வைத்திருப்பவர் பேட்டி என்றால் கலர் போட்டோவோடு இரண்டு பக்கம் ஒதுக்குகிறீர்கள். ஒற்றை வண்டிக்காரன் சந்தா கட்டினால் புத்தகம் பத்தாம் தேதிக்கு மேல்தான் வருகிறது. லோடு எடுக்கப் போகும் இடத்தில் டிரைவருக்கு ஒரு கக்கூஸ் கிடையாது, அதைப் பற்றி எப்போதாவது எழுதினீர்களா? போகட்டும்.

நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். இன்ஜின் வேலை முடிந்த வண்டியை எடுக்கும்போது, குளிர்ந்த இன்ஜினில் காற்று ஏற்றி, முள் கால் மணி நேரம் நிற்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு மீதிப் பணம் கொடுங்கள் என்று அடுத்த கேள்வி பதில் பக்கத்தில் ஒரு வரி போடுங்கள். மேலே சொன்னதெல்லாம் உங்களுக்குத் தெரியாததில்லை. இந்தத் தடவையும் இடமில்லை என்றால் மஞ்சள் தூள் பத்தியை வெட்டிக்கொள்ளுங்கள், சம்ப் போல்ட் பத்தியில் மட்டும் கை வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஏழு வருடச் சந்தாதாரர்,
சங்ககிரி.