என் அம்மாவின் வயதை ஏற்று முதியோர் உதவித்தொகை வழங்கக் கோரும் மனு

பெறுநர்:
தனி வட்டாட்சியர் அவர்கள்,
சமூகப் பாதுகாப்புத் திட்டம்.

மதிப்பிற்குரிய அய்யா,

வணக்கம். என் அம்மாவுக்கு முதியோர் உதவித்தொகை கேட்டுத் தரும் நான்காவது மனு இது. முந்தைய இரண்டுக்குப் பதிலே இல்லை. ஒன்று மட்டும் "வயது பூர்த்தியாகவில்லை" என்ற ஒற்றை வரியோடு திரும்பி வந்தது. எங்கள் தெரு தாங்கள் அறிந்ததுதான்; மழை வெள்ளக் கணக்கெடுப்புக்குத் தாங்களே நேரில் வந்தீர்கள்.

1. ஆதாரில் அம்மாவின் பிறந்த தேதி 01.01.1968. அது அம்மா சொன்னதல்ல. பள்ளிக்கூடம் போகாதவர் என்பதால் முகாமில் உத்தேசமாகப் போட்டது.

2. தலைப்பிள்ளை நான். என் மாற்றுச் சான்றிதழில் பிறந்த ஆண்டு 1976. அப்படியென்றால் அம்மா எட்டு வயதில் என்னைப் பெற்றாரா? அய்யா, எட்டு வயதில்! பழைய வாக்காளர் அட்டையில் "1.1.1995 அன்று வயது 40" என்று தெளிவாக இருக்கிறது. 1969 பிப்ரவரியில் அண்ணா இறந்த சேதி வந்ததும் கதிர் அறுத்துக்கொண்டிருந்தவர்களைப் பாதியில் அனுப்பியதை அம்மா இன்றும் சொல்வார். ஒரு வயதுக் குழந்தையா கருக்கரிவாள் பிடித்தது?

3. ஆதாரைத் திருத்தி வா என்றார்கள். சரி என்று போனோம். பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். வீட்டில் மருத்துவச்சி கையில் பிறந்தவருக்கு அது ஏது? அப்புறம் கைரேகை. மூன்று முறை போயும் விழவில்லை. நாற்று நட்டும் செங்கல் சுமந்தும் தேய்ந்த விரல்கள். துடைத்து, ஊதி, பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தாயிற்று. "நல்லா அழுத்தும்மா" என்று அங்கிருந்த பையன் அதட்ட, ஒரு கையின் மேல் இன்னொரு கையை வைத்து அழுத்தினார். அன்று இரவு சாப்பிடாமல் விளக்கடியில் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இதற்கு மேல் அவரை எங்கே அழைத்துப் போவேன்?

4. ஆதார்படி அறுபது வயது ஆகும் 2028 வரை பொறுக்கச் சொன்னார் ஓர் ஊழியர். எழுபது வயதைத் தாண்டியவரிடம் சொல்கிற பேச்சா அது?

5. ஆதார் அடையாளத்துக்குத்தான் சான்று, பிறந்த தேதிக்கு அல்ல என்று இப்போது வரும் ஆதாரிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். எனவே வாக்காளர் அட்டையை ஏற்றுக்கொள்ளுங்கள். முடியாதென்றால் அரசு மருத்துவரிடம் அனுப்பி வயதைக் கணித்துக்கொள்ளுங்கள். மறுபடியும் "திருத்தி வா" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள் அய்யா. கெஞ்சிக் கேட்கிறேன்.

இணைப்பு: வாக்காளர் அட்டை, மாற்றுச் சான்றிதழ், முந்தைய மனுக்களின் நகல்கள்.

இப்படிக்கு,
மனுதாரரின் மூத்த மகள்

மனுதாரரின் இடது பெருவிரல் ரேகை கீழே. இரண்டு முறை மை தொட்டு வைத்தும் இவ்வளவுதான் பதிந்தது.