மூன்றாம் மாடிப் பிள்ளையும் ஆறு பெண்களும்

டோர்ட்முண்ட்
23.11.2025

அன்பின் மலர்,

உன் கடிதம் வந்து மூன்று கிழமையாகிறது. பதில் பிந்தியதற்கு முழங்கால் நோவைச் சாட்டலாம், குளிரைச் சாட்டலாம். உண்மையில் நீ கேட்டதற்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. "சிரியாப் பெட்டைகளுக்கு நீங்கள் அரசியல் பழக்குகிறீர்களாமே, எதற்கு? எனக்கும்தான் பழக்கினார்கள்" என்று எழுதியிருந்தாய். அந்த வரியை மடித்து வைத்துவிட்டு நாலைந்து நாள் உன்மேல் கோபமாக இருந்தேன். பிறகு சரி, பிரதேச சபையில் இருந்து பார்த்தவள், அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்று தோன்றியது.

முதலில், பழக்குவது நானில்லை. எங்கள் கட்டிடத்தின் மூன்றாம் மாடியில் ஒரு சிரியாப் பிள்ளை இருக்கிறாள், வயது இருபத்தாறு. 2015இல் பதினாறு வயதில், அண்ணனோடு பால்கன் வழியாக நடந்து வந்தவள். இப்போது சனிக்கிழமைகளில் டமாஸ்கஸிலும் ஹோம்ஸிலும் ஸ்வெய்தாவிலும் இருக்கிற இளம் பெண்களை இணையத்தில் கூட்டி வைத்துக் கதைக்கிறாள். அவளுடைய மகனைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. குழந்தைக்குச் சோறு தீத்திக்கொண்டே பக்கத்து அறையில் நடப்பதைக் கேட்பேன். அரபு பாதி விளங்காது. இடைவேளையில் தேத்தண்ணி குடித்தபடி ஜெர்மனில் சொல்லுவாள். அந்தக் கூட்டத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரிலும் வலுவூட்டல் என்று ஒரு சொல் இருக்கிறது. எனக்கு அதைக் கேட்டாலே விட்டமின் குளிசைதான் ஞாபகம் வரும்.

அவள் ஜெர்மன் குடியுரிமை எடுத்தது போன வருடம். 2024இல் மட்டும் 83 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிரியர்கள் இங்கே குடியுரிமை எடுத்திருக்கிறார்கள். இந்த வருடம் பெப்ரவரி 23 பாராளுமன்றத் தேர்தலில் அவள் வாக்குப் போட்டாள், வாழ்க்கையில் முதல் தடவை. வீட்டுக்கு வந்ததும் டமாஸ்கஸில் இருக்கும் தாயைக் கூப்பிட்டுச் சொன்னாளாம். தாய், "நான் 2007இல் போட்டேனே, அந்த மாதிரியா?" என்று கேட்டிருக்கிறார். அது தேர்தலில்லை, பஷார் அல் அசாத் தொடர்ந்து ஜனாதிபதியாக இருக்கலாமா என்ற வாக்கெடுப்பு. ஒரே ஒரு பெயர், ஆம் அல்லது இல்லை. 97 சதவீதத்துக்கும் மேல் ஆம். மேசையில் இருந்த அதிகாரிக்குத் தெரியும்படி தாய் ஆம் போட்டிருக்கிறார். இதைச் சொல்லிப் பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை.

உன் கேள்விக்கு வருகிறேன். சிரியாப் பெண்களுக்கு அரசியல் தெரியாது, யாராவது போய்ப் பழக்க வேண்டும் என்பதே பிழையான தொடக்கம் என்று இப்போது நினைக்கிறேன். 1920 ஜூலையில் பிரெஞ்சுப் படை டமாஸ்கஸைப் பிடிக்க வந்தபோது மைசலூன் போர்க்களத்துக்கு நாசிக் அல் ஆபித் என்ற பெண் போயிருக்கிறாள். அப்போது சிரியாவை ஆண்ட பைசல் மன்னர் அவளுக்குக் கௌரவ இராணுவப் பதவி கொடுத்திருந்தார். அதே வருடம் பெண்களுக்கென ஒரு சஞ்சிகையும் நடத்தினாள். பெண்களுக்கு வாக்குரிமை கொடுப்பதா என்று டமாஸ்கஸில் கூடிய பேரவை விவாதித்ததும் அதே 1920இல்தான். கொடுக்கவில்லை. 1949இல்தான் வந்தது, அதுவும் படித்த பெண்களுக்கு மட்டும். 1953இல் துரையா அல் ஹாபிஸ் என்ற ஆசிரியை பாராளுமன்றத்துக்கு நின்று தோற்றாள். (இலங்கையில் பெண்களுக்கு 1931இலேயே வாக்குரிமை என்று நாங்கள் பெருமை அடிப்போம். அதற்குப் பிறகு 2018 வரை உன் பிரதேச சபையில் எத்தனை பெண்கள் இருந்தார்கள்?)

கதிரை கிடைத்தால் போதும் என்றும் சொல்ல முடியாது. நஜா அல் அத்தார் என்று ஒரு அம்மையார். 1976இலிருந்து 2000 வரை கலாசார அமைச்சர். 2006இல் துணை ஜனாதிபதி, அரபு நாடுகளில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். அசாத் விழும்வரை இருந்தார். அவருடைய அண்ணன் இசாம் அல் அத்தார் ஆட்சியை எதிர்த்த முஸ்லிம் சகோதரத்துவ அமைப்பின் சிரியாத் தலைவராக இருந்தவர். நாடு திரும்ப முடியாமல் எங்களுக்குப் பக்கத்தில் ஆகனில் வாழ்ந்து போன வருடம்தான் காலமானார். அந்த அண்ணனின் மனைவியை 1981இல் ஆகனில், வீட்டில் வைத்தே சுட்டுக் கொன்றார்கள். தங்கச்சி அப்போது டமாஸ்கஸில் அமைச்சர். அந்த இரவு அவர் என்ன நினைத்திருப்பார் என்று எனக்கு விளங்கவில்லை.

மறுபக்கம் தல் அல் மல்லூஹியைப் பார். ஹோம்ஸ்காரி. வலைப்பூவில் பலஸ்தீனத்தைப் பற்றிக் கவிதை எழுதிய பள்ளிப் பிள்ளை. 2009 டிசம்பரில் பிடித்துக்கொண்டு போனார்கள், வயது பதினெட்டு. உளவு பார்த்தாள் என்று ஐந்து வருடத் தண்டனை. தண்டனை முடிந்தும் விடவில்லை. 2024 டிசம்பரில் ஆட்சி விழுந்து சிறைக் கதவுகள் திறந்தபோதுதான் வெளியே வந்தாள். மூன்றாம் மாடிப் பிள்ளைக்கு இந்தப் பெயர் மந்திரம் மாதிரி. "எங்களுக்கு வலு இல்லை என்று யார் சொன்னது, அது இருந்தவர்களைத்தானே உள்ளே போட்டார்கள்" என்பாள்.

சரி, இப்போது என்ன நடக்கிறது என்று கேட்பாய். அசாத் ஓடி இரண்டு கிழமைகூட ஆகவில்லை, புதிய ஆட்சியின் பேச்சாளர் ஒருவர் பெண்ணின் இயல்பு சில பதவிகளுக்குப் பொருந்தாது என்று சொன்னார். டிசம்பர் 19ஆம் திகதி அதை எதிர்த்து டமாஸ்கஸ் உமையாத் சதுக்கத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் கூடிவிட்டார்கள். இவள் கைபேசியில் அதைப் பார்த்துக்கொண்டு அழுதாள். அதே மாத முடிவில் மத்திய வங்கிக்கு முதல் தடவையாக ஒரு பெண்ணைப் பொறுப்பாகப் போட்டார்கள். சில மாதத்தில் அந்த இடத்துக்கு ஆண் வந்துவிட்டார். மார்ச்சில் இடைக்கால அரசியலமைப்புப் பிரகடனம், அதில் பெண்களின் அரசியல் உரிமையை அரசு உறுதிசெய்யும் என்று எழுதியிருக்கிறது. அந்த மாதமே அமைச்சரவை அமைத்தார்கள்: 23 அமைச்சர்கள், ஹிந்த் கபாவாத் மட்டும் பெண். சமூக விவகாரமும் தொழிலும் அவரிடம். அந்த இலாகா எப்போதும் எங்களுக்குத்தான் வரும் என்று நீ சொல்லப்போவது காதில் கேட்கிறது.

அக்டோபர் 5 நடந்த சிரியாப் பாராளுமன்றத் தேர்தலைக் கேள். நேரடி வாக்கு இல்லை. நாடு முழுக்க ஏறக்குறைய 6,000 பேரைத் தேர்வாளர்களாகப் பொறுக்கி, அவர்கள் தங்களுக்குள்ளிருந்தே உறுப்பினர்களைத் தெரிவு செய்தார்கள். 210 ஆசனத்தில் 140 இப்படி, மிச்சம் 70 ஜனாதிபதி நியமிப்பது. தேர்வாளர் குழுக்களில் பெண்கள் 20 சதவீதம் இருக்க வேண்டும் என்று விதி. ஆனால் தெரிவாகிறவர்களில் இத்தனை பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று ஒரு சொல்லும் இல்லை. ராக்கா, ஹசாக்கா, ஸ்வெய்தா மூன்றிலும் தேர்தலைத் தள்ளி வைத்தார்கள். மற்ற இடங்களில் முதலில் தெரிவான 119 பேரில் பெண்கள் 6. தேர்தல் குழுவின் பேச்சாளரே அது பெரிய குறை என்று ஒத்துக்கொண்டார்.

கலியாண வீட்டில் பெண்களை வாசலில் நின்று பன்னீர் தெளிக்கச் சொல்வோமே, அதுதான் மலர். வாசலில் இருபது சதவீதம், பந்தியில் ஆறு பேர்.

அந்தச் சனிக்கிழமைக் கூட்டத்தில் இரண்டு பெண்கள் தேர்வாளர்களாக இருந்தவர்கள். ஒருத்தி சொன்னதை இவள் எனக்குச் சொன்னாள்: வாக்களிக்கப் போகும் முன்னரே பெரிய குடும்பங்கள் கூடி, எந்த வீட்டுக்கு எந்த ஆள் என்று கதைத்து முடித்துவிட்டார்களாம். அந்தக் கதை இரவு பத்து மணிக்கு மேல், ஆண்கள் இருக்கும் வரவேற்பறையில் நடந்தது. பயிற்சிப் பட்டறையில் மேடைப் பேச்சும் பேச்சுவார்த்தை நுட்பமும் நன்றாகவே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பத்து மணிக்குப் பிறகு அந்த அறைக்குள் எப்படிப் போவது என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மற்றவள் வேட்பாளராகவும் நின்றாள். முகநூலில் அவளுடைய படத்தைப் போட்டு எழுதியவற்றை நான் இங்கே எழுதப் போவதில்லை. உனக்குத் தெரியும்.

வடகிழக்கில் குர்திஷ் நிர்வாகத்தில் வேறு முறை: எந்தத் தலைமைப் பதவிக்கும் ஒரு ஆணும் ஒரு பெண்ணும் இணைத் தலைவர்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது. ஆனால் இவளுக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை, "அங்கேயும் ஒரே கட்சியின் கைதான் நீளம்" என்கிறாள். நாங்கள் இதில் சண்டை பிடித்து, குழந்தை எழும்பி, அன்றைய கூட்டம் அத்தோடு முடிந்தது.

எனக்கு இன்னொன்று நெஞ்சில் நிற்கிறது. சிரியாச் சட்டப்படி தாய் பிள்ளைக்குக் குடியுரிமை கொடுக்க முடியாது, தகப்பன் வெளிநாட்டவர் என்றால். 1969ஆம் ஆண்டுச் சட்டம். போர்க்காலத்தில் வெளியிலிருந்து வந்து சண்டை பிடித்தவர்களை மணந்த பெண்களின் பிள்ளைகள் கடதாசி இல்லாமல் நிற்கிறார்கள். கூட்டத்தில் உள்ள பெண்கள் எல்லோரும் ஒரே குரலில் கேட்பது இதைத்தான். ஆசனம் எத்தனை என்பதில் அவர்களுக்குள் ஆயிரம் பிரச்சினை. ஒருத்தி 30 சதவீதம் என்பாள், ஒருத்தி பாதி என்பாள், ஒருத்தி ஒதுக்கீடே அவமானம் என்பாள். பிள்ளையின் கடதாசி என்றதும் ஒருத்தியும் மறுத்துப் பேச மாட்டாள்.

இதற்குமேல் என்ன எழுத? உன் நிலைமையை நான் மறக்கவில்லை. 2018 உள்ளூராட்சித் தேர்தலில் பெண்களுக்கு 25 சதவீதம் என்ற சட்டம் முதல் தடவையாக நடைமுறைக்கு வந்ததும் பட்டியல் நிரப்ப ஆள் தேடி உன் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். சுவரொட்டியில் உன் படத்தைவிடக் கட்சித் தலைவரின் படம் பெரிது. நீ முதல் வருடம் முழுக்கக் கூட்டத்தில் வாய் திறக்கவில்லை என்று எழுதியிருந்தாய். பிறகு ஒருநாள் அந்தக் கிணற்று வீதி விஷயத்தில் எழும்பி நின்றாய் என்றும் எழுதினாய். எப்படி எழும்பினாய் என்று எழுதவேயில்லை. இந்த மே மாதத் தேர்தலில் ஏன் நிற்கவில்லை என்பதையும் சொல்லவில்லை.

மூன்றாம் மாடிப் பிள்ளைக்கு உன்னைப் பற்றிச் சொல்லிவிட்டேன், ஏசாதே. அவளுக்குப் பயிற்றுநர்கள் நிறையப் பேர் கிடைக்கிறார்கள், ஜெனிவாவிலிருந்தும் வருகிறார்கள். ஒதுக்கீட்டில் உள்ளே போய் நாலு வருடம் உட்கார்ந்து பார்த்த ஒரு மனுஷியை அவள் இன்னும் சந்திக்கவில்லை. கேட்க அவளிடம் மூன்று கேள்விகள் இருக்கின்றன. கூட்டக் குறிப்பு உனக்கு முன்கூட்டியே வந்ததா? பக்கத்தில் இருந்த பெண் உறுப்பினர் வேறு கட்சி என்றால் அவளோடு கதைத்தாயா? வீட்டில் யார் சமைத்தது? கடைசிக் கேள்வியைக் கேட்டுவிட்டு அவளே சிரித்தாள், ஆனால் பகிடிக்குக் கேட்கவில்லை.

தமிழில் பேசிக் குரலாக அனுப்பு, நான் ஜெர்மனில் சொல்ல அவள் அரபுக்கு மாற்றுவாள். மூன்று மொழி தாண்டிப் போகும்போது உன் கெட்ட வார்த்தைகள் தானாக உதிர்ந்துவிடும், அதனால் யோசிக்காமல் பேசு. அடுத்த கூட்டம் டிசம்பர் ஆறு. அங்கே அவர்களுக்கு மின்சாரம் இருக்கிற நேரத்தைப் பார்த்துத்தான் தொடங்குவார்கள். அதற்கு முதல்நாள் வந்தாலும் போதும்.

ஒடியல் மா முடிந்துவிட்டது. யாராவது இந்தப் பக்கம் வந்தால் ஒரு கிலோ கொடுத்துவிடு.

உன்
சாந்தி