வயிறும் எண்ணெயும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "எண்ணெய் வயிற்றுக்கு நல்லதா, கெடுதலா?" என்று பாட்டிலைக் கையில் வாங்கிக்கொண்டே பலர் கேட்கிறீர்கள். கல்லாவில் நின்றபடி ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லி அனுப்புவது மனத்தை உறுத்துகிறது. அதனால்தான் இந்த மடல்.

ஒரு டம்ளர் தண்ணீரில் சில சொட்டு எண்ணெய் விட்டுக் கலக்கிப் பாருங்கள். சற்று நேரத்தில் மேலே திரண்டு மிதக்கும். குடலுக்கும் இதே சிக்கல்தான். கல்லீரல் சுரக்கும் பித்தநீர் எண்ணெயை நுண்துளிகளாக உடைத்துக் கொடுத்த பிறகே கணையத்தின் லைபேஸ் நொதி அதைச் செரிக்க முடியும். இதற்கு நேரம் பிடிக்கும். ஆகவே, எண்ணெய் வந்து சேர்ந்ததும் சிறுகுடல் ஒரு ஹார்மோனைச் சுரந்து இரைப்பையின் வேகத்தைக் குறைத்துவிடுகிறது. அளவோடு சாப்பிட்டால் பசி தாங்குவதும், அளவு மிஞ்சினால் வயிறு கனத்து நெஞ்சு எரிவதும் இதனால்தான்.

பயந்து அடியோடு விலக்கவும் வேண்டாம். ஏ, டி, ஈ, கே வைட்டமின்களைக் குடல் உறிஞ்சக் கொழுப்பு தேவை. ஆனால் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறத்தாழ 120 கலோரி இருக்கிறது. விற்கிற நாங்களே சொல்கிறோம்: அளந்து ஊற்றுங்கள்.

வெறும் வயிற்றில் எண்ணெய் குடித்தால் பித்தப்பைக் கல் வெளியேறும் என்று நம்பிச் சிலர் கேட்டு வருகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். எண்ணெய் உள்ளே போனதும், பித்தநீரைச் சேமித்து வைத்திருக்கும் பித்தப்பை சுருங்கும். கல் இருந்தால் அது நகர்ந்து பித்தக் குழாயில் அடைத்துக்கொள்ளக்கூடும். அப்போது வரும் வலி கொடியது. மறுநாள் மலத்தில் பச்சையாகத் தெரியும் உருண்டைகளும் கற்கள் அல்ல. குடித்த எண்ணெயே குடலில் சோப்புபோலத் திரண்டவை. எல்லா எண்ணெயும் பேதி போக உதவும் என்பதும் தவறு. விளக்கெண்ணெய் குடலைத் தூண்டுவது அதிலுள்ள ரிசினோலிக் அமிலத்தால். அந்தக் குணம் மற்றச் சமையல் எண்ணெய்களுக்கு இல்லை.

பொரித்த எண்ணெய் கறுத்து, பிசுபிசுத்து, நுரை அடங்காமல் கொதித்தால் அது கெட்டுவிட்டது. அதிலிருந்து எழுந்து கண்ணைக் கரிக்கும் புகையில் அக்ரோலின் என்ற நச்சு வேதிப்பொருள் இருக்கிறது. மனம் வராவிட்டாலும் கொட்டிவிடுங்கள்.

மலம் வெளிறி, எண்ணெய்ப் பசையோடு மிதப்பது தொடர்ந்தாலும், சாப்பிட்டபின் வலது விலாவின்கீழ் அடிக்கடி வலித்தாலும், வேறு எண்ணெய் கேட்டு எங்களிடம் வர வேண்டாம். முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் எண்ணெய்க் கடையினர்