வேகாத செங்கலுக்குக் கொத்தனார் பொறுப்பல்ல: செங்கல் நிறுவனத்துக்கு ஒரு புகார்

அனுப்புநர்
உங்களிடம் செங்கல் வாங்கிய வாடிக்கையாளர்,
களியக்காவிளை அருகில், விளவங்கோடு வட்டம்,
கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்
மேலாளர்,
செங்கல் மற்றும் எம்-சாண்ட் விற்பனைப் பிரிவு.

பொருள்: இரண்டாவது லோடில் வந்த வேகாத செங்கல், அதனால் கெட்டுப்போன சுவர், நீங்கள் அனுப்பிய பதில் தொடர்பாக.

ஐயா,

என் முதல் புகாருக்கு நீங்கள் மலையாளத்தில் அனுப்பிய பதில் கிடைத்தது. எங்கள் ஊரில் எல்லோருக்கும் மலையாளம் வாசிக்கத் தெரியும், அதில் குறையொன்றுமில்லை. கல்லில் குற்றம் இல்லை, கொத்தனார் கல்லைச் சரியாக நனைக்கவில்லை, எங்கள் கிணற்றுத் தண்ணீரில் உப்பு இருக்கிறது, கலவையில் சிமென்ட் போதவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் ஆட்கள் ஒருவர்கூட வந்து சுவரைப் பார்க்கவில்லை. பார்க்காமலே ஒரு தொழிலாளியின் மேல் பழி போட்டுவிட்டீர்கள். அவருக்கு இந்த வட்டாரத்தில்தான் பிழைப்பு. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் சுவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டி, தரைமட்டத்துக்கு மேல் இரண்டடி வரை கருங்கல் கட்டு. அதன் மேல் கான்கிரீட் பெல்ட் போட்டு, ஓதம் ஏறாமலிருக்கத் தார் பூசியிருக்கிறோம். அதற்கு மேல் ஒன்பது இஞ்சு செங்கல் சுவர். பங்குனியில் நீங்கள் அனுப்பிய முதல் லோடு சன்னல் அடிமட்டம் வரை வந்தது. அந்தக் கல்லைப் பற்றி எனக்கு எந்தப் புகாரும் இல்லை. நிறம் ஒரே சீராக இருந்தது, இரண்டு கல்லை மோதினால் கணீரென்று ஒலித்தது. இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, தொடங்கிய பிறகு இரண்டாவது லோடு வந்தது. சன்னல் மட்டத்திலிருந்து, சன்னலுக்கு மேல் போடும் லின்டல் உத்தரம் வரை கட்டியது அந்தக் கல்லால். இப்போது சன்னல் மட்டத்துக்கு மேலே வெள்ளையாக உப்புப் பூத்து, கல்லின் முகம் பொரிந்து உதிர்கிறது. கீழே உள்ள வரிசைகள் கட்டிய அன்று இருந்தபடியே இருக்கின்றன.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கட்டியது ஒரே கொத்தனார், தண்ணீர் ஒரே கிணறு, சிமென்ட் ஒரே கம்பெனி. தண்ணீரில் உப்பு இருந்தால் அது சன்னல் மட்டத்தில் கோடு போட்டு நின்றுகொள்ளுமா? மண்ணிலிருந்து ஓதம் ஏறுகிறது என்றால் கருங்கல்லை ஒட்டிய வரிசையில்தான் முதலில் தெரிய வேண்டும். அங்கே சுவர் காய்ந்து கிடக்கிறது. கெட்டது மேலே மட்டும். மாறியதும் கல் மட்டுமே.

நியாயமாக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். புதுச் சுவரில் லேசாக உப்புப் பூப்பதைப் பார்த்து நான் பதறவில்லை. நல்ல கல்லிலும் முதல் வருடம் கொஞ்சம் வெள்ளை படியும், துடைப்பத்தால் தேய்த்தால் போகும், இரண்டு மழையில் கழுவிக்கொண்டும் போகும். மண்ணிலும் சிமென்டிலும் இருக்கிற உப்பு தண்ணீரில் கரைந்து, தண்ணீர் ஆவியாகும்போது சுவரின் முகத்தில் தங்குகிறது, அவ்வளவுதான். என் சுவரில் நடப்பது அது இல்லை. உப்பு கல்லுக்குள்ளேயே உறைந்து, முகத்தைத் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறது. விரல் நகத்தால் கீறினால் கோடு விழுகிறது. நன்றாக வெந்த கல்லில் நகம் ஏறாது என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

நனைக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நனைத்ததால்தான் எங்களுக்கு முதல் சந்தேகமே வந்தது. கொத்தனார் அண்ணன் வழக்கம்போல் முந்தின நாள் தொட்டியில் கல்லைப் போட்டார். காலையில் பார்த்தால் தண்ணீர் செக்கச்சிவந்து, அடியில் சேறு படிந்து, கல்லின் மூலைகள் கரைந்திருந்தன. வெந்த கல் தண்ணீரில் கரையாது. சூளைச் சூடு 900, 1000 டிகிரியைத் தொடும்போதுதான் களிமண் துகள்கள் ஓரம் உருகி ஒன்றோடொன்று பற்றிக்கொள்கின்றன. அந்தச் சூடு கிடைக்காத கல் பார்க்கச் சிவப்பாக இருந்தாலும் உள்ளே பாதி மண்தான். அன்றைக்கே அவர் உங்கள் யார்டுக்குப் போன் பண்ணினார். மழைக்காலக் கல் அப்படித்தான் இருக்கும், கட்டினால் சரியாகிவிடும் என்று சொன்னது உங்கள் ஆள்.

மழைக்காலக் கல் ஏன் அப்படி இருக்கிறது என்று எனக்கும் தெரியும். என் அப்பா கொத்து வேலை செய்தவர், கல் பொறுக்க என்னையும் சூளைக்குக் கூட்டிக்கொண்டு போவார். நாட்டுச் சூளையில் வெளி ஓரத்தில் அடுக்கிய கல்லுக்குச் சூடு போதாது. நெருப்பு வாயருகில் இருப்பது கருகி உருகும். நடுவில் இருப்பதுதான் முதல் தரம். இன்னும் சுடாத பச்சைக்கல் சரியாகக் காயாமல், விறகும் ஈரமாக இருந்தால் வேகாத பங்கு இன்னும் கூடும். இதெல்லாம் சூளைக்காரர் பாடு. பிரித்து எடுத்து, வேகாததைக் கழிப்பது உங்கள் வேலை. பில்லில் 'முதல் தரம்' என்று எழுதி அதற்கான விலையை வாங்கிய பிறகு, பிரிக்கிற வேலையை என் வீட்டு முற்றத்தில் வைத்துச் செய்யச் சொல்ல முடியாது.

பிரிக்கவில்லை என்பதுகூட இல்லை, கலந்திருக்கிறீர்கள் என்றுதான் நினைக்கிறேன். முதல் லோடில் எல்லாக் கல்லிலும் காடிக்குள், அதாவது கல்லின் முகத்தில் உள்ள பள்ளத்துக்குள், உங்கள் முத்திரை இருக்கிறது. இரண்டாவது லோடில் மீதமிருக்கும் அடுக்கைப் பிரித்துப் பார்த்தேன். மேல் வரிசையில் உங்கள் முத்திரை. உள்ளே வேறொரு எழுத்து, சிலவற்றில் முத்திரையே இல்லை, காடியும் ஆழமில்லை. வேறு சூளைக் கல்லை வாங்கி உங்கள் பெயரில் விற்றீர்களா? இதற்கு உங்கள் பதிலில் ஒரு வரிகூட இல்லை. இந்தக் கேள்வியை நான் முதல் கடிதத்திலேயே, போட்டோவோடு கேட்டிருந்தேன்.

அளவும் அப்படியே. உங்கள் விலைப்பட்டியலில் 230 × 110 × 70 மில்லிமீட்டர் என்று போட்டிருக்கிறது. செங்கல்லுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1077 சொல்கிறபடி இருபது கல்லை நீளவாக்கில் வரிசையாக வைத்தால் 4600 மில்லிமீட்டர் வர வேண்டும், கூடினாலும் குறைந்தாலும் 80 வரை விடலாம். முதல் லோடு அதற்குள் நிற்கிறது. இரண்டாவது லோடு அதைத் தாண்டுகிறது. குறைவாக வெந்த கல் குறைவாகவே சுருங்கும், அதனால் பெரிதாக இருக்கிறது. ஒரே வரிசையில் பெரிதும் சிறிதும் வந்தால், சாந்து கனம் பத்து மில்லிமீட்டரில் எப்படி நிற்கும்? இணைப்பு நேராக இல்லை என்று உங்கள் கடிதத்தில் கொத்தனாரைக் குறை சொல்லியிருப்பதற்கு இதுதான் பதில்.

தண்ணீர் குடிப்பதையும் பார்த்தேன். அதே தரநிலையில், 12.5 வரையிலான வலிமை வகுப்புக் கல் (சதுர மில்லிமீட்டருக்கு எத்தனை நியூட்டன் அழுத்தம் தாங்கும் என்பதுதான் அந்த எண்), 24 மணி நேரம் தண்ணீரில் கிடந்தால் தன் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சக் கூடாது. மூன்று கிலோ கல் என்றால் 600 கிராம். சித்தப்பாவின் மளிகைக் கடைத் தராசில் நிறுத்தோம். முதல் லோடுக் கல் அந்த எல்லைக்குள் நன்றாகவே அடங்கியது. இரண்டாவது லோடில் எடுத்தவை எல்லாமே எல்லையைத் தாண்டின. மளிகைத் தராசு ஆய்வகம் ஆகாது என்று நீங்கள் சொல்லலாம். சரிதான். முறைப்படி 105 முதல் 115 டிகிரி அடுப்பில் எடை மாறாத வரை காயவைத்துத்தான் நிறுக்க வேண்டும், நாங்கள் வெயிலில்தான் காயவைத்தோம். ஆனால் வெயிலில் காய்ந்த கல்லில் கொஞ்சம் ஈரம் மிச்சமிருக்கும். அந்த ஈரமும் கல்லின் எடையில் சேர்வதால், உறிஞ்சும் அளவு உள்ளதைவிடக் குறைவாகத்தான் தெரியும். ஆய்வகத்தில் வைத்தால் உங்கள் கல்லின் நிலை இன்னும் மோசமாகுமே தவிர நன்றாகாது.

கலவைக்கு வருகிறேன். ஒரு பங்கு சிமென்டுக்கு ஆறு பங்கு மணல், அதாவது ஒன்றுக்கு ஆறு, போட்டது தப்பு, ஒன்றுக்கு மூன்று போட்டிருக்க வேண்டும் என்று எந்தப் பொறியாளர் உங்களுக்கு எழுதிக்கொடுத்தார்? ஒன்பது இஞ்சு சுவருக்கு ஒன்றுக்கு ஆறு என்பது ஊரறிந்த கணக்கு. நாலரை இஞ்சு தடுப்புச் சுவர் என்றால் ஒன்றுக்கு நாலு. சாந்து கல்லைவிடக் கொஞ்சம் இளக்கமாக இருப்பதே நல்லது. வெயிலிலும் ஈரத்திலும் சுவர் அசையும்போது விரிசல் சாந்தில் மயிரிழையாக விழும், கீறி எடுத்து மறுபடி பூசிக்கொள்ளலாம். சாந்தை இரும்பாக்கி வைத்தால் கல் பிளக்கும். அதுவும் உங்கள் இரண்டாவது லோடுக் கல்லுக்கு ஒன்றுக்கு மூன்று போட்டிருந்தால் சுவரின் கதி என்னவாகியிருக்கும்! அந்தக் காலத்தில் சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பிய சுவர்கள் நின்றதற்கு அந்த இளக்கமும் ஒரு காரணம் என்று அப்பா சொல்வார். கலவையை இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்தோமா என்றும் கேட்டிருந்தீர்கள். தீர்த்தோம். மணலில் தூசி அதிகமோ என்று வேறு ஒரு சந்தேகம் கிளப்பியிருக்கிறீர்கள். அந்த எம்-சாண்டும் உங்களிடம் வாங்கியதுதான், பில் பத்திரமாக இருக்கிறது.

உங்கள் விளம்பர அட்டையில் பத்மநாபபுரம் அரண்மனைப் படம் போட்டு, 'தலைமுறைகள் தாண்டி நிற்கும்' என்று அச்சடித்திருக்கிறீர்கள். அந்த அரண்மனையைப் பார்க்க வருகிறவர்கள் வியப்பது அதன் மரவேலையை. உங்கள் சூளைக்கும் அதற்கும் என்ன சம்பந்தமோ தெரியவில்லை. என் மாமியார் ஆரம்பத்திலேயே வெட்டுக்கல்லில் கட்டச் சொன்னார். அவர் பிறந்த வீடு வெட்டுக்கல் வீடு. தோண்டும்போது மண்வெட்டிக்கு இணங்கும், காற்றுப் பட்டுப் பட்டு இறுகும், அப்படி ஆறிய கல்லில் கட்டியதாம். இப்போது நல்ல வெட்டுக்கல் வடக்கே கண்ணூர்ப் பக்கமிருந்து லாரியில் வர வேண்டும், வண்டிக்கூலி கட்டுப்படியாகாது என்று செங்கலுக்கு வந்தேன். மாமியார் அதைச் சொல்லிக்காட்டாத நாளில்லை.

ஒன்றை எழுதாமல் விட முடியவில்லை. உங்கள் அலுவலகத்துக்கு நேரில் வந்தபோது, "வீட்டுல ஆம்பளைங்க இருந்தா வந்து பேசச் சொல்லுங்கம்மா" என்றார் கவுண்டரில் இருந்தவர். என் வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருக்கிறார். பணம் அனுப்புவது அவர், வீட்டைக் கட்டுவது நான். உங்கள் பில்லில் கையெழுத்துப் போட்டதும் நான்தான். பணத்தை எண்ணி வாங்கும்போது ஆம்பளையைக் கேட்கவில்லையே.

நான் கேட்பது இவ்வளவுதான். சன்னல் மட்டத்திலிருந்து லின்டல் வரை உள்ள கட்டைப் பிரித்து மறுபடி கட்ட ஆகும் கூலி, சிமென்ட், மணல் செலவை நீங்கள் ஏற்க வேண்டும். இரண்டாவது லோடுக்கான கல்லை முதல் லோடின் தரத்தில் மாற்றித் தர வேண்டும், அல்லது பணத்தைத் திருப்பித் தர வேண்டும். முற்றத்தில் மீதம் கிடக்கும் கல்லை உங்கள் வண்டியிலேயே எடுத்துப் போக வேண்டும். கொத்தனாரின் வேலையில் குறை என்று எழுதியதை எழுத்திலேயே திரும்பப் பெற வேண்டும். இந்தக் கடைசிக் கோரிக்கையில் பேரம் கிடையாது.

என் சொல்லில் சந்தேகம் இருந்தால் ஒரு வழி இருக்கிறது. உங்கள் ஆளும் நானும் சேர்ந்து நின்று, இரண்டு லோடிலிருந்தும் கல்லைப் பொறுக்கி எடுத்து, இருவரும் கையெழுத்திட்டு, செங்கல் சோதனைக்கான தரநிலை ஐ.எஸ். 3495 முறைப்படி வலிமை, நீர் உறிஞ்சுதல், உப்புப் பூத்தல் மூன்றையும் ஒரு பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில் சோதிக்கலாம். உங்கள் கல் தேறினால் சோதனைச் செலவு என்னுடையது. பொறுக்குகிறபோது அடுக்கின் மேல் வரிசையிலிருந்து மட்டும் எடுக்க ஒப்பமாட்டேன்.

கவுண்டரில் இருந்தவர் இன்னொன்றும் சொன்னார்: கம்பெனி எல்லைக்கு அந்தப் பக்கம், கேஸ் போட்டால் கேரளாவில்தான் போட வேண்டும், அலைய முடியுமா என்று. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் வசிக்கிற இடத்திலேயே புகார் கொடுக்கலாம். எனக்கு அது நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம், ஒரே பஸ்ஸில் போய்விடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கான புகாருக்கு அங்கே கட்டணமும் இல்லை. கல்லை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்க ஆணையமே உத்தரவிட முடியும். சோதனையை இங்கே முற்றத்தில் தொடங்குவதா அங்கே தொடங்குவதா என்பதை நீங்கள் முடிவு செய்துகொள்ளலாம்.

ஐப்பசி மழைக்கு முன் சுவரைப் பிரித்துக் கட்டி, கூரை போட வேண்டும். பிரிக்கிற சுவரிலிருந்து நல்ல கல்லாக ஒன்றும் மிஞ்சாது என்று கொத்தனார் சொல்கிறார். எனவே இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் உங்கள் ஆள் வந்து பார்க்க வேண்டும். வருவதற்கு முந்தின நாள் போனில் சொல்லிவிடுங்கள், கொத்தனாரையும் வரச் சொல்கிறேன். அதுவரை சுவரில் கை வைக்கமாட்டேன், மீதக் கல்லையும் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

இணைப்பு: இரண்டு லோடுக்கான பில் நகல்கள், எம்-சாண்ட் பில் நகல், சுவரின் படங்கள், காடி முத்திரைகளின் படங்கள், உங்கள் பதிலின் நகல்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்