சுந்தரி அக்காவுக்கு: போர்ட் ஆஃப் ஸ்பெயினில் ஒரு சனிக்கிழமை

அன்புள்ள சுந்தரி அக்காவுக்கு,

ஜனவரிக் கடைசியில் நீங்களும் அத்தானும் ட்ரினிடாட் போகிறீர்கள், போர்ட் ஆஃப் ஸ்பெயினைச் சுற்றிப் பார்க்க ஒரே ஒரு சனிக்கிழமைதான் இருக்கிறது, உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அமர்த்தலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக அமர்த்துங்கள். ஆனால் அவர் அனுப்பும் அட்டவணைக்கு அப்படியே தலையாட்டிவிடாதீர்கள். அந்த ஊரில் ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு நேரம் உண்டு. காலையில் கிடைப்பது மதியம் கிடைக்காது, இரவில் கிடைப்பதை மாலையில் தேடினால் வண்டியே வந்திருக்காது. கட்டடங்கள் நாள் முழுக்க அங்கேயேதான் நிற்கும். அதனால் சாப்பாட்டு நேரத்தை முதலில் குறித்துக்கொண்டு, பார்க்கும் இடங்களை இடையிடையே செருகச் சொல்லுங்கள். வேறு சிலரும் இதையே கேட்பதால் பொதுவிலேயே எழுதுகிறேன்.

காலை ஏழு மணிக்கே கிளம்பிவிடுங்கள். விடுதியில் காலைச் சாப்பாடு இலவசம் என்றாலும் தொடாதீர்கள். முதல் நிறுத்தம் டபுள்ஸ் வண்டி. நல்ல வண்டிகளில் பத்து மணிக்குள் பாத்திரம் காலியாகிவிடும். பிரின்சஸ் டவுனில் 1930களில் மாமூ டீன் என்பவர் குடும்பம் தொடங்கிய பண்டம் இது. இன்று நாடு முழுக்கக் காலைச் சாப்பாடே அதுதான். மஞ்சள் சேர்த்த மைதா மாவில் பொரித்த இரண்டு பாரா, நடுவில் கொண்டைக்கடலைக் குழம்பு. அக்கா, இது முழுக்க முழுக்க சைவம்தான், பால்கூடச் சேராது.

பாராவை வைத்தே வண்டியை எடைபோடலாம். அதன் மாவு ஈஸ்ட் போட்டுப் பொங்கவைத்தது, கையில் ஒட்டும் அளவுக்குத் தளர்வாக இருக்கும். எண்ணெய் தடவிய உள்ளங்கையில் சிறு உருண்டையைத் தட்டி, நல்ல சூட்டில் இருக்கும் எண்ணெயில் போட்டு, சில நொடிகளில் திருப்பி எடுத்துவிடுவார்கள். எடுத்ததைத் துணி விரித்த பெட்டியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மூடிவைப்பார்கள். உள்ளிருக்கும் ஆவியில்தான் பாரா மெத்தென்று ஆகிறது. மாவு கெட்டியாகிவிட்டாலோ எண்ணெயில் கூடுதல் நேரம் கிடந்தாலோ பூரி மாதிரி மொறுமொறுத்துப் போகும். மடக்கினால் உடையும், குழம்பு ஒழுகும். பெட்டியைத் திறக்கும்போது ஆவி எழுகிறதா, வரிசையில் வேலைக்குப் போகிற உள்ளூர்க்காரர்கள் நிற்கிறார்களா என்று மட்டும் பாருங்கள்.

நம் ஊர்க்காரர்கள் ஏமாறுவது காரத்தில்தான். ட்ரினிடாட் கறிப்பொடியில் மஞ்சள், மல்லி, சீரகம், வெந்தயம் எல்லாம் இருக்கும், மிளகாய் பெரும்பாலும் இருக்காது. முதல் வாய் சப்பென்று இருக்கிறதே என்று கூடுதல் காரம் கேட்போம். அவர்கள் தனியாக ஊற்றும் பெப்பர் சாஸ் வேறு ரகம். 2012-இல் நியூ மெக்சிகோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் மிளகாய் ஆய்வு நிலையம் சோதித்தபோது, இந்தத் தீவின் மொருகா ஸ்கார்ப்பியன் மிளகாயின் சராசரிக் காரம், காரத்தை அளக்கும் ஸ்கோவில் கணக்கில், 12 லட்சத்தைத் தாண்டியது. எல்லா வண்டியிலும் அதையே அரைப்பதில்லை, ஆனால் சொந்தபந்தம்தான். குண்டூர்க் காரம் தின்று பழகிய நாக்குக்கும் இது புதிது. உடனே தெரியாது, பத்து நொடி கழித்துத் தொண்டையில் ஏறும். அதனால் முதல் டபுள்ஸுக்கு ‘ஸ்லைட்’ என்று சொல்லுங்கள், ஒரு சொட்டு விடுவார்கள். புளிச் சட்னி, வெள்ளரித் துருவல், ஷாடோ பெனி சட்னி எல்லாவற்றையும் தயங்காமல் கேட்டு வாங்குங்கள். ஷாடோ பெனி நீண்ட, ரம்ப விளிம்புள்ள இலை. கொத்தமல்லி வாசனைதான், ஆனால் இன்னும் அழுத்தமாக இருக்கும்.

தாளோடு கையில் வைத்துக்கொண்டு, மேல் பாராவைக் கிள்ளிக் கிள்ளிக் கடலையை வழித்துச் சாப்பிடுங்கள். ஆளுக்கு ஒன்று, இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு ஆலு பை, அதாவது உருளைக்கிழங்கு அடைத்துப் பொரித்த பண்டம். அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டாவது டபுள்ஸுக்குக் கை நீட்டியவர்கள்தான் மதியம் ரொட்டிக் கடையில் பாதியை வைத்துவிட்டு எழுந்திருப்பார்கள். ஐந்து, பத்து, இருபது டாலர் தாள்களாக உள்ளூர்ப் பணம் கையில் இருக்கட்டும். ஒரு அமெரிக்க டாலருக்கு ஏறத்தாழ 6.70 ட்ரினிடாட் டாலர் கிடைக்கும். வண்டிக்காரரிடம் அட்டை செல்லாது. பேச்சைத் தொடங்குமுன் ‘குட் மார்னிங்’ சொல்லிவிடுங்கள். சொல்லாமல் நேரே ஆர்டர் கொடுப்பதை அங்கே மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வார்கள்.

அங்கிருந்து நேரே குயின்ஸ் பார்க் சவானா என்கிற பெரிய மைதானம். பல வழிகாட்டிகள் இதை மாலைக்குத் தள்ளிவிடுவார்கள், அது தப்பு. ‘மேக்னிஃபிசென்ட் செவன்’ என்கிற ஏழு மாளிகைகளும் மைதானத்தின் மேற்கு ஓரத்தில் கிழக்கு பார்த்து நிற்கின்றன. காலை வெயில் முகப்பில் விழும். மாலையில் போனால் சூரியன் கட்டடத்துக்குப் பின்னால் போய்விடும், படமெல்லாம் இருட்டடித்துவிடும். தெற்கு முனையில் குயின்ஸ் ராயல் காலேஜ், 1904-இல் திறந்த மணிக்கூண்டுப் பள்ளிக்கூடம். நாட்டின் முதல் பிரதமர் எரிக் வில்லியம்ஸ், எழுத்தாளர்கள் வி. எஸ். நைபால், சி. எல். ஆர். ஜேம்ஸ் மூவரும் படித்தது இங்கேதான். வடக்கு முனையில் கோட்டை மாதிரி நிற்பது ஸ்டோல்மேயர் மாளிகை. தெற்கிலிருந்து வடக்கே நடந்தால் கடைசியில் தாவரவியல் பூங்கா பக்கத்தில் வந்துவிடும். 1818-இல் வைத்த பூங்கா, நல்ல நிழல், கட்டணம் இல்லை. அத்தான் முழங்காலுக்கு அங்கே அரை மணி ஓய்வு கொடுங்கள்.

ஒன்பதரை மணிக்கு நகர மையம். உட்ஃபோர்ட் சதுக்கத்தில் நின்றால் ஒரு பக்கம் 1823-இல் திருநிலைப்படுத்திய ஹோலி டிரினிட்டி பேராலயம், இன்னொரு பக்கம் நாடாளுமன்றக் கட்டடமான ரெட் ஹவுஸ். இந்த ரெட் ஹவுஸ் முன்னால் வழிகாட்டியைக் கொஞ்சம் விரிவாகப் பேசவிடுங்கள். குடிநீர்க் கட்டுப்பாட்டுச் சட்டத்தை எதிர்த்து 1903 மார்ச் 23 அன்று மக்கள் திரண்ட கலவரத்தில் பழைய கட்டடம் எரிந்துபோனது, 16 பேர் இறந்தார்கள். இப்போது நிற்பது 1907-இல் திறந்தது. 2013-இல் பழுதுபார்க்கத் தோண்டியபோது, ஐரோப்பியர் வருவதற்கு முன் வாழ்ந்த பூர்வகுடிகளின் எலும்புகள் அடியில் கிடைத்தன. 2020-இல்தான் நாடாளுமன்றம் திரும்பவும் இங்கே வந்தது. சதுக்கமும் லேசுப்பட்டதல்ல. எரிக் வில்லியம்ஸ் 1950களில் அரசியல் பாடம் நடத்தி ஊரையே கேட்கவைத்த மேடை அது. பதினொரு மணிக்கெல்லாம் வெயில் கொளுத்தும். திருச்சியின் அட்சரேகைதான் இந்த ஊருக்கும், தொப்பி வேண்டும். சார்லட் தெருப் பழக்கடைகளை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வண்டி ஏறிவிடுங்கள். கிழக்குப் பக்கச் சந்துகளுக்குள் வழிகாட்டி இல்லாமல் நுழைய வேண்டாம்.

சாப்பிடப் போகும் வழியில் ட்ராகரீட் சாலையில் குயின்ஸ் பார்க் ஓவல் வரும். அத்தானுக்காக ஐந்து நிமிடம் நிறுத்தச் சொல்லுங்கள். 1971 மார்ச்சில் இந்தியா முதன்முதலாக வெஸ்ட் இண்டீஸைத் தோற்கடித்த மைதானம். கவாஸ்கரின் முதல் டெஸ்ட் அது. இரண்டாவது இன்னிங்ஸில் 95 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்தவர் நம் சென்னை வெங்கட்ராகவன். 1976-இல் 403 இலக்கைத் துரத்தி 406 எடுத்து ஜெயித்ததும் இதே மண்ணில்தான்.

மதியச் சாப்பாடு செயின்ட் ஜேம்ஸ் பகுதியில். மெட்ராஸ் தெரு, கல்கத்தா தெரு, லக்னோ தெரு என்றெல்லாம் பெயர்ப்பலகை பார்ப்பீர்கள். 1845 மே 30-இல் ஃபாட்டெல் ரசாக் கப்பல் வந்ததிலிருந்து 1917 வரை கரும்புத் தோட்டக் கூலிகளாக வந்தவர்களில் பெரும்பாலோர் கல்கத்தாவில் கப்பலேறிய போஜ்புரிக்காரர்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்து வந்தவர்கள் சிறு தொகையினர். சமையலில் புளிக்குழம்பைத் தேடாதீர்கள், சீரகமும் பூண்டும்தான் ஓங்கி நிற்கும்.

தால்பூரி ரொட்டி வாங்குங்கள். காரமாகச் செய்த பருப்புப் போளி என்று வைத்துக்கொள்ளலாம். உள்ளே வைப்பது துவரையோ கடலையோ இல்லை, மஞ்சள் பட்டாணிப் பருப்பு. விரலால் நசுக்கினால் உடையும், ஆனால் குழையக் கூடாது என்ற பதத்தில் வேகவைத்து, நீரை ஒட்ட வடித்து, வறுத்த சீரகமும் பூண்டும் சேர்த்துப் பொடியாக அரைப்பார்கள். பருப்பில் ஈரம் நின்றால் தேய்க்கும்போதே ரொட்டி கிழிந்துவிடும். நன்றாக அமைந்த தால்பூரியைப் பிரித்தால் உள்ளிருந்து மஞ்சள் பொடி உலர்ந்து உதிரும். இன்னொரு வகை பஸ்-அப்-ஷட். நெய் தடவி அடுக்கடுக்காகச் சுட்ட பரோட்டாவைக் கல்லிலேயே மரக்கரண்டிகளால் அடித்துக் கிழித்துக் குவியலாகத் தருவார்கள். எண்ணெய் அதிகம், ஒருவருக்கு முழுத் தட்டு தாங்காது. இரண்டு வகையும் ஒவ்வொன்று வாங்கிப் பகிர்ந்துகொள்ளுங்கள்.

அக்கா, உங்களுக்குப் பூசணி, சன்னா-ஆலு, காராமணி, சுட்ட கத்தரிக்காய் மசியல், எல்லாவற்றையும்விட முக்கியமாக மாங்காய்க் குழம்பு. தோலோடும் கொட்டையோடும் வெட்டிய பச்சை மாங்காயை ஆம்சார் என்கிற வறுத்தரைத்த மசாலாவும் சர்க்கரையும் போட்டு வேகவைத்தது. அத்தானுக்கு ஆட்டுக்கறி. பரிமாறும் இடத்தில் கறிக்கரண்டி காய்க்குள் போகாமல் தனிக் கரண்டி போடச் சொல்லிக் கேளுங்கள், தப்பாக நினைக்க மாட்டார்கள். காய்கறிபோல் தெரிந்தாலும் உங்களுக்கு ஆகாதவை இரண்டு உண்டு. கலலூ என்கிற சேப்பங்கீரை-வெண்டைக்காய்-தேங்காய்ப்பால் மசியலில் நண்டோ உப்பிட்ட பன்றிவாலோ போட்டிருப்பார்கள். மாக்கரோனி பையில் முட்டை சேரும். குடிக்க மாபி கேட்டால் ஒரு டம்ளரை இருவர் பங்கிடுங்கள். மரப்பட்டைக் கஷாயம், கசப்பை அடக்கச் சர்க்கரையைக் கொட்டியிருப்பார்கள். எலுமிச்சைச் சோடாவில் அங்கோஸ்துரா பிட்டர்ஸ் என்கிற கசப்புச் சாறு விட்ட பானமும் எங்கும் கிடைக்கும். பிட்டர்ஸில் 44.7 சதவீதம் ஆல்கஹால். விடுவது சில சொட்டுதான் என்றாலும் வேண்டாம் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள். கழிப்பறை வசதியை அந்த உணவகத்திலேயே முடித்துக்கொள்வது நல்லது.

மூன்றரை மணிக்கு ஃபோர்ட் ஜார்ஜ். 1804-இல் கட்டிய கோட்டை, கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,100 அடி. ஏற்றமும் வளைவுமான சாலை, நடக்க வேண்டாம். மேலே இருக்கும் மரத்தாலான சைகைக் கூடத்தை வடிவமைத்தவர் நாடு கடத்தப்பட்டு வந்த மேற்கு ஆப்பிரிக்க அசாந்தி இளவரசர் கோஃபி இன்டி. தெளிவான நாளில் வெனிசுவேலா மலைகள் தெரியும். இருட்டுமுன் இறங்கிவிடுங்கள்.

இந்த இடத்தில் வழிகாட்டி மராக்காஸ் கடற்கரையையும் சேர்த்துத் தருகிறேன் என்பார். ஒப்புக்கொள்ளாதீர்கள். சனிக்கிழமை நெரிசலில் போகவர மட்டும் இரண்டு மணி நேரம் போய்விடும், ஊர்ச் சுற்றல் பாதியில் நிற்கும். அங்கே பேர்பெற்ற பண்டம் பொரித்த ரொட்டிக்குள் வைத்த சுறா. சுறா இனங்கள் குறைந்துவரும் காலத்தில் அதைத் தேடிப் போகவும் வேண்டியதில்லை. அத்தானுக்கு ஆசை விடவில்லை என்றால் ஊருக்குள்ளேயே வேறு மீன் வைத்துக் கிடைக்கும். கரோனி சதுப்பில் செந்நிறப் பறவைகள் கூட்டுக்குத் திரும்பும் காட்சி வேறு விஷயம், அது அருமை. படகு நாலு மணி வாக்கில் கிளம்பும். அது வேண்டுமானால் ஃபோர்ட் ஜார்ஜை விட்டுவிடுங்கள், இரண்டும் சேராது.

மாலை திரும்பவும் சவானா. இளநீர் வண்டிகள் வந்திருக்கும். வழுக்கை வேண்டுமென்றால் ‘ஜெல்லி’ உள்ளதாகக் கேளுங்கள். குடித்து முடித்துத் திருப்பிக் கொடுத்தால் இரண்டாகப் பிளந்து, மட்டையிலேயே ஒரு கரண்டி சீவித் தருவார்கள். அன்னாசியை உப்பு, பூண்டு, ஷாடோ பெனி, மிளகாய் போட்டுப் பிசறிய ‘சௌ’வும் ஒரு கிண்ணம் வாங்குங்கள். பச்சைச் சிப்பி விற்பார்கள், அத்தான் பக்கமே போக வேண்டாம். அடுத்த நாள் விமானம் ஏற வேண்டியவருக்கு அந்தப் பரிசோதனை தேவையில்லை.

கார்னிவலுக்கு முந்தைய வாரங்களில் போவதால் ஒன்றைத் தவறவிடாதீர்கள். பேன் யார்டு. எண்ணெய் பீப்பாயை அடித்துக் குழித்துச் சுருதி கூட்டிய ஸ்டீல்பேன் இந்த ஊர்க்காரர்கள் உலகத்துக்குக் கொடுத்த வாத்தியம். பனோரமா என்கிற ஸ்டீல்பேன் போட்டிக்காகக் குழுக்கள் இரவு எட்டு மணிக்கு மேல் தங்கள் முற்றத்தில் பயிற்சி செய்வார்கள், ஓரமாக நின்று கேட்கலாம். ஓவலுக்கு எதிரே இன்வேடர்ஸ், உட்புரூக்கில் ஃபேஸ் டூ. உங்களுக்கு இந்த இரண்டு பக்கமும் வசதி. முழுப் பாட்டு வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒரே நாலு வரியை நிறுத்தி, திருத்தி, திரும்பத் திரும்ப வாசிப்பார்கள். முதலில் டெனர் மட்டும், பிறகு நடுத்தரப் பேன்கள், பிறகு பாஸ், கடைசியில் எல்லாம் சேர்ந்து. ஒரு இசை எப்படிக் கட்டப்படுகிறது என்பதை இவ்வளவு கிட்டத்தில் கேட்க வேறெங்கும் வாய்க்காது. காதுக்குப் பஞ்சு எடுத்துப் போங்கள், பேன்களுக்கு நடுவே நடந்து படம் எடுக்காதீர்கள்.

வெளியே கார்ன் சூப் வண்டி நிற்கும். பட்டாணிப் பருப்பு, சோளக்கதிர்த் துண்டு, மாவு உருண்டை, தேங்காய்ப்பால். பன்றிவால் போட்டதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

பெட்டி கட்டும்போது ராணுவப் புள்ளி போட்ட சட்டை, தொப்பி, பை எதையும் வைக்காதீர்கள். பொதுமக்கள் அணிவது அந்த நாட்டில் சட்டப்படி குற்றம். தெருவில் டாக்ஸி பிடிக்க நேர்ந்தால் எண் பலகை H எழுத்தில் தொடங்குகிறதா என்று பார்த்து ஏறுங்கள். வழிகாட்டிக்குப் பணம் கட்டுமுன் மூன்றைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: தீனிச் செலவு கட்டணத்தில் சேர்ந்ததா, வண்டி நாள் முழுக்க உங்களுக்கு மட்டுமா, இரவு பேன் யார்டு முடிந்து விடுதி வாசல் வரை கொண்டுவந்து விடுவாரா. மூன்றாவதற்கு அவர் இழுத்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி