கிராஞ்சியின் போர்க்களமும் சதுப்புநிலமும் ஒரே வழியில்: ஒரு திறந்த மடல்

தேசிய மரபுடைமைக் கழகத்துக்கும் தேசியப் பூங்காக் கழகத்துக்கும்,

வணக்கம்.

கிராஞ்சி பெருவிரைவு ரயில் நிலையத்தில் இறங்கி, போர் நினைவிடத்தைப் பார்த்துவிட்டு, நீர்த்தேக்கப் பூங்காவில் உள்ள போர்க்கள நினைவுப் பலகை வழியாகச் சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகம் வரை ஒரு முற்பகலில் நடந்துவிடலாம். சிங்கப்பூரில் நாட்டுப்புறம் என்று சொல்ல மீதமிருக்கும் சொற்ப இடங்களில் இதுவும் ஒன்று. இந்த மூன்று இடங்களையும் ஒரே நடைவழியாக அறிவித்து, போரின் வரலாற்றையும் சதுப்புநிலத்தின் இயல்பையும் ஒரே விளக்கத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்றும், அந்த விளக்கம் தமிழிலும் முழுமையாக இருக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

இன்று வரலாற்றை நாடுவோர் நினைவிடத்தோடு திரும்பிவிடுகிறார்கள். பறவை பார்ப்போர் தொலைநோக்கியோடு நேரே காப்பகத்துக்குப் போய்விடுகிறார்கள். ஆனால் இரண்டாம் உலகப் போரில், 1942இல், அங்கே நடந்ததும் இப்போது நாம் காண்பதும் ஒரே சேற்றையும் ஒரே நீரேற்றத்தையும் சார்ந்தவை. ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்றை விளக்குவது எனக்கு அரைகுறையாகவே படுகிறது.

ஜப்பானியர் வடகிழக்கில்தான் இறங்குவார்கள் என்று பிரிட்டிஷ் தரப்பின் தளபதி ஜெனரல் பெர்சிவல் எண்ணியிருந்தார். அந்த எண்ணத்தை வலுப்படுத்தும் வகையில் ஜப்பானியத் தளபதி யமாஷிதா புலாவ் உபின் தீவின் பக்கமாகப் போக்குக்காட்டிவிட்டு, ஜொகூர் நீரிணை குறுகலாக இருக்கும் வடமேற்கைத் தேர்ந்தெடுத்தார். பிப்ரவரி 8ஆம் தேதி இரவு அவருடைய 5ஆவது, 18ஆவது டிவிஷன்கள் சரிம்பூன் உள்ளிட்ட கரைப்பகுதிகளில் இறங்கின. அங்கே காவலில் இருந்தது ஆஸ்திரேலியாவின் 22ஆவது பிரிகேட். அதன் முன்னணியில், சீனத் தொண்டூழியர்களைக் கொண்ட டால்ஃபோர்ஸ் வீரர்களும் நின்றார்கள். ஓடைகளும் அலையாத்திக் காடுகளும் கரையைத் துண்டு துண்டாகப் பிரித்திருந்ததால், ஒரு காவல்நிலையில் இருந்தவர்களுக்கு அடுத்த நிலையில் என்ன நடக்கிறது என்பதே தெரியவில்லை. பீரங்கிக் குண்டுகள் விழுந்து தொலைபேசிக் கம்பிகள் அறுந்தன. தேடொளி விளக்குகள் எரியவே இல்லை.

மறுநாள் இரவு கிராஞ்சியில் நிலைமை வேறுவிதமாகப் போனது. கிராஞ்சி ஆற்றுமுகத்துக்கும், ஜொகூரோடு இணைக்கும் கடற்பாலத்துக்கும் இடையே இறங்க முயன்ற இம்பீரியல் கார்ட்ஸ் டிவிஷனின் வீரர்கள் ஓடைகளில் வழிதவறிச் சேற்றில் சிக்கினார்கள். உட்லண்ட்ஸ் எண்ணெய்க் கிடங்கிலிருந்து திறந்துவிடப்பட்ட எண்ணெய் நீரில் பரவித் தீப்பற்றியதில் பலர் எரிந்து மாண்டார்கள். தரையிறக்கத்தைக் கைவிடலாமா என்று அந்த டிவிஷனின் தளபதி நிஷிமுரா கேட்கும் அளவுக்கு நிலைமை முற்றியிருந்தது. எனினும் எதிரே நின்ற ஆஸ்திரேலியாவின் 27ஆவது பிரிகேட் அந்த இரவிலேயே பின்வாங்கத் தொடங்கியிருந்ததால், கடற்பாலத்தின் இப்பக்க முனை ஜப்பானியர் கைக்குப் போயிற்று. ஐந்தே நாளில், 15ஆம் தேதி, ஃபோர்டு தொழிற்சாலையில் சரணாகதி கையெழுத்தானது.

எண்ணெய் எரிந்த இதே நீரிணையின் ஓரத்தில்தான் சைபீரியாவிலிருந்து வரும் கரைப்பறவைகள் இரை தேடுகின்றன. செப்டம்பர் முதல் மார்ச் வரை பவளக்காலிகளும் உப்புக்கொத்திகளும் குறுங்கோட்டான்களும் நீர் வற்றும்போது வெளிப்படும் சேற்றுத் திட்டுகளில் அலகை ஊன்றிப் புழுவும் நண்டும் பொறுக்கும். நீர் ஏறி அந்தத் திட்டுகள் மூழ்கியதும் அவை கூட்டமாக எழும்பிக் காப்பகத்தின் குளங்களுக்கு வந்து ஒற்றைக் காலில் நின்று ஓய்வெடுக்கும். அந்தக் குளங்கள் முன்பு இறால் வளர்ப்புக்காக வெட்டப்பட்டவை. மதகுகளை ஏற்றி இறக்கி, கடல் நிறைந்திருக்கும் நேரத்தில் பறவைகள் நிற்கும் அளவுக்குக் குளத்து நீரைக் குறைத்து வைக்கிறார்கள். இந்த ஏற்பாட்டை அறியாமல் போகிறவர், நீர் வற்றிய வேளையில் வெறுங்குளத்தைப் பார்த்து ஏமாந்து திரும்புவார். ஆகவே நடைவழியின் தொடக்கத்திலேயே அன்றைய நீரேற்ற நேரத்தைக் காட்டும் பலகை ஒன்று அவசியம். ஓடையில் கிடக்கும் உப்புநீர் முதலைக்கு எச்சரிக்கைப் பலகை இருக்கிறது; பறவைகளுக்கும் அவற்றின் நேரத்தைச் சொல்ல ஒரு பலகை இருக்கட்டும்.

இந்தக் காப்பகம் கிடைத்த விதத்தையும் அங்கேயே சொல்லலாம். வேளாண் தொழில்நுட்பப் பூங்காவுக்கென ஒதுக்கப்பட்டிருந்த நிலத்தில் 1986இல் இயற்கை ஆர்வலர்கள் சிலர் பறவைக் கூட்டங்களைக் கண்டு அரசுக்கு முறையிட்டார்கள். 1993இல் அது இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. 2002இல் 130 ஹெக்டேர் பரப்புடன் சட்டப் பாதுகாப்பு பெற்றது. மக்கள் எழுதிய கடிதத்துக்கு மதிப்பளித்த நாடு என்பதால்தான் இம்மடலையும் நம்பிக்கையோடு எழுதுகிறேன்.

இனி, தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமான பகுதிக்கு வருகிறேன். கிராஞ்சி மேட்டில் 4,461 பேருக்குக் கல்லறை இருக்கிறது. அவற்றில் 850க்கும் மேற்பட்டவை பெயர் அறியப்படாதவை. உடல் கிடைக்காத 24,000க்கும் அதிகமானோரின் பெயர்கள் நினைவிடத்தின் கற்சுவர்களில் படைப்பிரிவு வாரியாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. பஞ்சாப், டோக்ரா, கார்வால், ஹைதராபாத், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்று அந்த வரிசைகளைப் படித்துக்கொண்டே போனால், சிங்கப்பூரைக் காக்க நின்றவர்களில் எத்தனை பேர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்பது புரியும். பிரதான நினைவிடத்துக்குப் பின்புறம், பலர் எட்டிப் பார்க்காமலேயே திரும்பிவிடும் இடத்தில், எரியூட்டப்பட்டோருக்கான நினைவுச்சின்னம் இருக்கிறது. பிரிக்கப்படாத இந்தியாவின் படைகளைச் சேர்ந்தவர்களே பெரும்பான்மையாக, ஏறத்தாழ 800 பேர் அங்கே நினைவுகூரப்படுகிறார்கள். பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வருவோர் தயவுசெய்து அந்தப் பின்புறத்துக்கும் கூட்டிச் செல்ல வேண்டும்.

கரையோரச் சண்டை ஆஸ்திரேலியர்களின் கதையாகவே பெரும்பாலும் சொல்லப்படுகிறது. கரையில் இருந்தவர்கள் அவர்கள் என்பதால் அது நியாயமே. ஆயினும் கரை விழுந்தபின் கிராஞ்சி ஆற்றுக்கும் ஜூரோங் ஆற்றுக்கும் இடைப்பட்ட தற்காப்புக் கோட்டில் நின்றவற்றுள் 12ஆவது, 15ஆவது, 44ஆவது இந்திய பிரிகேட்களும் அடங்கும். 12ஆவது பிரிகேட்டோ மலாயா முழுவதும் போரிட்டுப் பின்வாங்கி, சிதைந்துபோன நிலையில் தீவுக்கு வந்தது. நீர்த்தேக்கக் கரையில் நின்று தெற்கே நோக்குகிறவருக்கு இந்தக் கோட்டைச் சுட்டிக்காட்டும் ஒரு வரைபடத்தைக் கேட்கிறேன். இன்னொரு பெரிய சிலையோ மண்டபமோ வேண்டாம்.

காப்பகத்திலிருந்து பண்ணைகளுக்குப் போகும் நியோ டியூ சாலைக்கும் ஒரு சிறு குறிப்பு வைக்கலாம். அச்சாலைக்குப் பெயர் தந்தவரும், லிம் சூ காங் வட்டாரத்தைத் திருத்திக் குடியேற்றத்துக்கு வழிசெய்தவருமான அந்த மனிதர் ஜப்பானிய எதிர்ப்பில் ஈடுபட்டவர். அதற்குப் பழிவாங்கலாக அவருடைய குடும்பத்தினர் ஜப்பானியரால் கொல்லப்பட்டார்கள். ஆட்டுப்பால் வாங்க அவ்வழியே போகும் எத்தனை பேருக்கு இது தெரியும்?

பாதையைப் பற்றி என் வேண்டுகோள் மிகச் சிறியது. ரயில் நிலையத்திலிருந்து நீர்த்தேக்கம் வரையிலான பகுதி தொழிற்பேட்டையின் ஓரமாகப் போகிறது. கனரக லாரிகளுக்கு இடையே முதியவர்களும் பிள்ளைகளும் அச்சமின்றி நடக்கத் தொடர்ச்சியான நடைபாதையும், சாலையைக் கடக்க முறையான இடங்களும், வழியில் இரண்டு மூன்று நிழற்குடைகளும் வேண்டும். நீர்த்தேக்கத்தைத் தாண்டியபின் புதிதாக எதையும் கட்ட வேண்டாம். விளக்குக் கம்பங்கள், ஒலிபெருக்கி, உணவுக்கடை எதுவும் பறவைகளுக்கு அருகே வரக்கூடாது. நடைவழி என்று பெயர் வைத்துவிட்டால் மிதிவண்டியும் மின்ஸ்கூட்டரும் பின்னாலேயே வந்துவிடும் என்பதையும் முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதை இப்போது கேட்பதற்குக் காரணம் உண்டு. லிம் சூ காங்கில் ஏறத்தாழ 390 ஹெக்டேர் நிலத்தை உயர்தொழில்நுட்ப உணவு உற்பத்தி மையமாக்கும் எண்ணம் 2020இல் அறிவிக்கப்பட்டது. உணவுப் பாதுகாப்பின் தேவையை நான் மறுக்கவில்லை. ஆனால் சாலைகளும் வடிகால்களும் வேலிகளும் புதிதாக வரையப்படும்போது, நடந்து போவதற்கான கீற்று நிலத்தையும் சரிம்பூன் தரையிறங்கு தளத்துக்குச் செல்லும் வழியையும் அதே வரைபடத்தில் குறித்துவிடுவது எளிது. வேலி போட்டபின் கேட்பது கடினம்.

தொடங்குவதற்கு ஏற்ற மாதமும் ஒன்று இருக்கிறது. முழுமைத் தற்காப்பு தினத்தைப் பள்ளிகள் ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 15ஆம் தேதியை ஒட்டி அனுசரிக்கின்றன. கிராஞ்சிச் சண்டை நடந்ததும் பிப்ரவரியில். வலசைப் பறவைகள் வடக்கே புறப்படுமுன் இன்னும் குளங்களில் இருப்பதும் அப்போதுதான். அந்த வாரத்தில், நீரேற்றம் காலையில் வரும் ஒரு நாளைத் தேர்ந்து, நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் வழிகாட்டிகளோடு ஒரு நடையை ஏற்பாடு செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். தமிழ்க் குழுவுக்கு வழிகாட்ட ஆள் கிடைப்பது கடினம் என்றால், தமிழாசிரியர்களிலும் பறவை ஆர்வலர்களிலும் பயிற்சிக்கு வர விரும்புவோர் இருக்கிறார்கள். நானும் அவர்களில் ஒருத்தி.

இப்படிக்கு,
மரியாதையுடன்,
உட்லண்ட்ஸ் குடியிருப்பாளர் ஒருவர்